ஜமாபந்தி நேரத்தில் வந்த மசோதா

1908-ல் வெள்ளைக்காரன் போட்ட பதிவுச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவரப் போகிறோம், வரைவைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்று மத்திய அரசின் நில வளத்துறை 2025 மே 27-ஆம் தேதி அறிவித்தது. ஜூன் 25 வரை, ஆக முப்பது நாள் அவகாசம். பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் நான் உடனே இறக்கிப் படித்தேன். வேறு யார் படித்தார்கள் என்று கேட்டால், எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாகக் கடை போட்டிருக்கும் ஆவண எழுத்தர்களிலேயே பலருக்கு இப்படி ஒன்று வந்ததே தெரியாது. பத்திரம் பதிய வருகிற ஜனங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வரைவு மோசம் என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். பத்திரத்தை இணையம் வழியாகத் தாக்கல் செய்யலாம், பதிவுச் சான்றை மின்னணு வடிவில் தரலாம், பதிவேடுகளை டிஜிட்டலாகவே பராமரிக்கலாம் என்கிறது. ஆதார் சரிபார்ப்பு உண்டு, ஆனால் சம்மதத்தின் பேரில். ஆதார் இல்லாதவருக்கும் கொடுக்க விரும்பாதவருக்கும் மாற்று வழி வைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். என்னென்ன காரணத்துக்காகப் பதிவை மறுக்கலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். கிரய ஒப்பந்தம், பவர் பத்திரம், வங்கியில் அசல் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் எம்ஓடி எல்லாம் கட்டாயப் பதிவுக்குள் வருகின்றன. வேறு மாநிலங்களில் இது பெரிய மாற்றமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 2012-லேயே தனித் திருத்தம் போட்டு இதையெல்லாம் கட்டாயமாக்கியாகிவிட்டது, அதனால் எங்கள் தெருவில் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் குறை வேறு. 117 வருஷம் கழித்து இந்தச் சட்டத்தைத் தொடுகிறவர்கள், பதிவு செய்கிற விதத்தை மாற்றுகிறார்களே தவிர, பதிவு செய்தால் நமக்கு என்ன கிடைக்கிறது என்கிற கேள்வியைத் தொடவே இல்லை. நம் நாட்டில் பதிவாவது ஆவணம்தான், உரிமை பதிவாவதில்லை. இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு இப்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்பதற்கு சார்பதிவாளர் சாட்சி, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. முன்பு இருந்த ரிஜிஸ்டர் தபால் மாதிரி. கவர் வந்து சேர்ந்தது என்பதற்குத் தபால்காரர் கையெழுத்து வாங்குவார், உள்ளே இருக்கிற கடிதத்தில் எழுதியிருப்பது நிஜமா என்று அவரிடம் கேட்க முடியாது.

இது வக்கீல்களுக்குத் தெரியும், பேங்க் லீகல் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியாது. தெரியவரும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் ஒரு அண்ணன், தம்பி, தங்கச்சி மூன்று பேரும் வந்தார்கள். அப்பா காலமாகி ரொம்ப நாளாகிவிட்டது, ஒன்றே கால் ஏக்கர் புஞ்சை, பாகம் பிரித்துப் பதிய வேண்டும். அப்பா 1974-ல் கிரயம் வாங்கிய பத்திரம் கையில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து செலோ டேப் ஒட்டிய பத்திரம், ஆனால் முத்திரை, கைரேகை எல்லாம் தெளிவாக இருந்தது. கணினிப் பட்டாவை எடுத்துப் பார்த்தால் பெரியப்பா பெயர். நிலத்தில் உழுதது, கிணற்றுக்கு மோட்டார் போட்டது எல்லாம் இவர்கள்தான், பெரியப்பா பக்கத்துச் சர்வே எண்காரர், அவரும் இறந்துவிட்டார்.

"அண்ணே, பத்திரம் எங்கப்பா பேர்ல இருக்கு, பட்டா பெரியப்பா பேர்ல இருக்கு. இதுல எதுண்ணே செல்லும்?" என்று தங்கச்சி கேட்டது.

"பட்டா உரிமைப் பத்திரம் கிடையாதும்மா, கோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லுது. ஆனா பட்டா இல்லாம வாங்குறவன் வரமாட்டான், பேங்க் லோன் தராது."

"அப்ப பத்திரம் செல்லும்ல?"

"பத்திரம் செல்லும். ஆனா உங்கப்பாவுக்கு வித்தவருக்கு அந்த நிலம் சொந்தமா இருந்துச்சான்னு யாராவது கேஸ் போட்டா, அதையும் நீங்கதான் நிரூபிக்கணும்."

அது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப எதுக்குண்ணே கவர்மெண்டுக்கு அவ்வளவு பணம் கட்டி ரிஜிஸ்டர் பண்றோம்?" என்றது. எனக்கு அதற்கு இன்று வரை நல்ல பதில் கிடையாது.

அந்தப் பட்டா எப்படி மாறியது என்றால், யூடிஆர். 1979-லிருந்து 1987 வரை, பழைய நிலக் கணக்கை ஊர் ஊராகப் புதுப்பித்து எழுதிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். எழுதியவர் அவசரத்தில் ஒரு வரி மேலே கீழே எழுதியிருக்கலாம், அண்ணன் தம்பி ஒரே குடும்பம்தானே என்று மூத்தவர் பெயரைப் போட்டிருக்கலாம், நிலத்துக்காரன் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருக்கலாம். நோட்டீஸ் கொடுத்து, ஊர்க்காரர்களை வைத்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதும் இருந்தது, எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கவில்லை என்பதுதான் விஷயம். அந்தப் பிழை கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு அப்படியே ஏறி, இப்போது க்யூஆர் கோடோடு அச்சாகி வருகிறது. திருத்த வேண்டுமானால் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டும்.

இன்னொரு பக்கம், உரிமையைக் கொஞ்சமாவது பார்த்துவிட்டுப் பதியட்டும் என்று தமிழ்நாடு அரசு 2022-ல் இரண்டு காரியம் செய்தது. போலிப் பத்திரம் என்று தெரிந்தால் மாவட்டப் பதிவாளரே பதிவை ரத்து செய்யலாம் என்று 1908 சட்டத்தில் 77ஏ பிரிவைச் சேர்த்தது. விற்கிறவர் தன் பேரில் உள்ள முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 55ஏ விதியைப் போட்டது. நோக்கம் நல்லதுதான், போலி ஆசாமிகள் நிறையப் பேர் அதில் மாட்டினார்கள். ஆனால் வெள்ளத்தில் பத்திரம் போனவர், கரையான் தின்றவர், மூத்த தாரத்துப் பிள்ளை தூக்கிக்கொண்டு போய்த் தர மாட்டேன் என்கிறவர் எல்லாம் காவல் நிலையத்தில் 'கண்டுபிடிக்க இயலவில்லை' சான்றுக்கு அலைந்தார்கள், பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள். 77ஏ-வை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 55ஏ-வின் முக்கியப் பகுதியை 2025 ஏப்ரல் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது சார்பதிவாளர் வேலையே இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

1908 சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி. அந்தச் சட்டத்தை மாற்றும் வரைவு ஏழே வாரத்தில் வெளிவருகிறது என்றால், சார்பதிவாளர் உரிமையைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா, பார்க்க வேண்டாம் என்றால் வேறு யார் பார்ப்பது என்று மக்களிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டாமா? அதுதானே கேள்வி. அதை விட்டுவிட்டு மின்னணுச் சான்று பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள்.

ஈசி விஷயமும் இப்படித்தான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷமாக வருவார்கள். நான் வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் வராதது என்னென்ன என்று சொல்ல ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். அப்பா இறந்து வாரிசுகளுக்குச் சொத்து வந்தது ஈசியில் வராது, ஏனென்றால் சாவுக்குப் பத்திரம் கிடையாது. பதியாத உயில் வராது, உயிலைப் பதிவது இஷ்டம்தான். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. பெரும்பாலும், சொத்தின் மேல் நடக்கும் சிவில் வழக்கும் வராது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பழைய பம்பாய் மாகாணத் திருத்தம் ஒன்று உண்டு: சொத்தின் மேல் வழக்கு இருந்தால் அதற்கு ஒரு அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும், வாங்குகிறவன் தேடினால் கண்ணில் படும். 1939-ல் கொண்டுவந்தது. இதை நாடு முழுக்கக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் வழக்கில் இருக்கும் மனையை வாங்கி ஏமாறுகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள். வரைவைப் பற்றி நான் டெல்லிக்கு அனுப்பிய கருத்தில் முதலில் எழுதியது இதைத்தான்.

இதற்குள் ஒரு அரசியல் சட்டச் சிக்கலும் இருக்கிறது. ஆவணப் பதிவு பொதுப் பட்டியலில் இருக்கிறது, மத்திய அரசு சட்டம் போடலாம். நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் டெல்லி பத்திரத்தைத் திருத்தலாம், பட்டாவைத் தொட முடியாது. நம் ஊரிலேயே பார்த்தால் பத்திரம் பதிவுத்துறை, பட்டா வருவாய்த்துறை, அளப்பது நில அளவைத் துறை. ஒரு சர்வே எண்ணைத் துண்டாகப் பிரிக்கும் உட்பிரிவு தேவைப்படாத சொத்தென்றால் இப்போது பதிந்ததும் பட்டா தானாக மாறுகிறது, நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. உட்பிரிவு வந்தால் சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டும், அங்கேதான் கதை தொடங்கும்.

சரி, கருத்துக் கேட்டதைப் பற்றி.

மே 27 முதல் ஜூன் 25. இந்தத் தேதிகளைக் கேட்டவுடன் வருவாய்த்துறைக்காரர் எவருக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வர வேண்டும். வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூன் 30-ல் முடிகிறது, அதற்கு முன்னால் தாலுகா தோறும் ஜமாபந்தி, அதாவது கிராம நிலக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை நடக்கும். 2025-லும் பசலி 1434-க்கு மே, ஜூனில் நடந்தது. பந்தல் போட்டிருப்பார்கள். விஏஓக்கள் பயிர்க் கணக்கான அடங்கலையும் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் துணியில் கட்டிக் கொண்டுவந்து அடுக்குவார்கள், நில அளவைச் சங்கிலியை அதிகாரி நீட்டிப் பார்ப்பார், குறுவட்டம் குறுவட்டமாக, அதாவது சில ஊர்கள் சேர்ந்த பிரிவு பிரிவாக, ஜனங்கள் மனுவோடு நிற்பார்கள். அந்த மனுக்களில் பெரும்பகுதி எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? பட்டா மாறுதல், பெயர்ப் பிழை, கூட்டுப் பட்டாவைப் பிரிப்பது, யூடிஆர் தவறு. நிலப் பதிவில் எங்கே வலிக்கிறது என்று தெரிந்த மொத்தக் கூட்டமும் ஒரே பந்தலில், கையில் ஆதாரத்தோடு, அதே வாரங்களில் உட்கார்ந்திருந்தது. நிலச் சட்டம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க இதைவிட நல்ல இடம் இந்தியாவில் எங்கே இருக்கிறது? அங்கே ஒரு மேசை போட்டு, வரைவின் சுருக்கத்தைத் தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்து வைத்திருந்தால் செலவு என்ன ஆகிவிடும்?

கிராம சபையாவது உண்டா என்றால், நமக்கு வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முப்பது நாள் அவகாசம் மிகச் சரியாக மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நடுவில் விழுந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யோசிக்கவே இல்லை என்றுதான் சொல்கிறேன், அது இன்னும் மோசம்.

மொழியைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் படித்தது ஆங்கிலப் பிரதி. தமிழில் தேடினேன், கண்ணில் படவில்லை. இவர்கள் ரத்து செய்யப் போகிற 1908 சட்டத்தின் 19-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பதிவு அலுவலருக்குப் புரியாத, அந்த மாவட்டத்தில் பொதுவாகப் புழங்காத மொழியில் ஒரு ஆவணம் வந்தால், மொழிபெயர்ப்பு இணைக்காமல் அதைப் பதியக் கூடாது. நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரனுக்கு இருந்த அந்த நிதானம்கூட இல்லை. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் போடச் சொன்னது. லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. கேட்டால் ஜனங்கள் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

முப்பது நாள் என்பதும் அவர்களாகக் கொடுத்த தாராளம் ஒன்றும் இல்லை. 2014-ல் மத்திய அரசே வகுத்த சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை இருக்கிறது: எந்த மசோதா வரைவையும் குறைந்தது முப்பது நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு சேர்க்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் துறையின் இணையதளத்தில் போட வேண்டும். குறைந்தபட்சம் முப்பது என்று எழுதினால் நம் ஆட்கள் கையில் அது அதிகபட்சம் ஆகிவிடுகிறது.

ஆந்திரா பக்கம் பார்த்தால் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பது தெரியும். அங்கே நில உரிமைச் சட்டம் 2023 அக்டோபர் 31-ல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் அது நான் கேட்கிற விஷயமேதான், அரசே உரிமையைப் பதிவு செய்து உறுதி சொல்வது. ஆனால் உரிமை யாருக்கு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை சிவில் கோர்ட்டிலிருந்து எடுத்து ஒரு அதிகாரி கையில் கொடுத்தது. வக்கீல்கள் தெருவில் இறங்கினார்கள், விவசாயிகள் பயந்துபோனார்கள். பட்டா புத்தகத்திலும் சர்வே கல்லிலும் அன்றைய முதல்வர் படம் வேறு. 2024 தேர்தலில் நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்பதே பிரசாரம் ஆனது, ஆட்சி மாறியதும் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். நல்ல யோசனை ஒன்று இன்னும் பத்து வருஷத்துக்கு அந்த மாநிலத்தில் தலை தூக்க முடியாது.

பக்கத்துத் தெலங்கானா முதலில் அதே குழியில்தான் விழுந்தது. 2020-ல் தரணி என்ற இணையதளம் வந்தது, பதிவும் பட்டாவும் ஒரே இடத்தில் என்றார்கள், ஆனால் உள்ளே ஏற்றிய கணக்கே பல ஊர்களில் தப்பு; பதியத் தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியலில் பட்டா நிலமெல்லாம் போய் விழுந்தது, திருத்தச் சொல்லி மேல்முறையீடு செய்யக்கூட வழி இல்லை, கோர்ட்டுக்குப் போ என்றார்கள். அதன் பிறகு 2024 ஆகஸ்டில் புதிய சட்ட வரைவைப் பொதுவெளியில் வைத்துக் கருத்து வாங்கினார்கள். 2025 ஏப்ரலில் பூ பாரதி என்ற அந்தப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மேல்முறையீடு திரும்ப வந்திருந்தது. 2025 ஜூனில், நம்மிடம் டெல்லி மின்னஞ்சலில் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஜூனில், அங்கே அதிகாரிகள் ஊர் ஊராக வருவாய் சதஸ் என்ற கூட்டம் நடத்தி மனு வாங்கினார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, மனு வாங்குவதும் தீர்ப்பதும் வேறு வேறு. ஆனால் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதாவது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நான் அனுப்பியதில் வழக்கு அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன். மற்றதில் முக்கியமானது பதிவு அலுவலக கவுண்டரில் நடக்கிற சமாச்சாரம். மறுப்புக்குக் காரணம் எழுத்தில் தர வேண்டும் என்று இப்போதும் சட்டம் இருக்கிறது, ஆனால் நடப்பது என்ன? "இன்னைக்கு சர்வர் இல்ல", "இந்த சர்வே நம்பர் லாக்ல இருக்கு, மேல கேளுங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் மறுக்கவே இல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு போவது? டோக்கன் போட்ட பத்திரம் அன்று மாலைக்குள் பதிவாக வேண்டும், இல்லையென்றால் பதியாத காரணம் தமிழில் அச்சாகி, நேரம் போட்டுக் கையில் வர வேண்டும் என்று கேட்டேன். அப்புறம் கைரேகை: களையெடுத்து, நாற்று நட்டுத் தேய்ந்த விரல் மெஷினில் விழாது. அறுபது எழுபது வயது ஆத்தாக்களை விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். மாற்று வழி உண்டு என்று சட்டத்தில் எழுதினால் போதாது, அதைக் கேட்கிறவரைச் சந்தேகப் பார்வை பார்க்காத ஏற்பாடு வேண்டும். மின்னணுச் சான்றைப் பற்றியும் ஒரு கேள்வி வைத்தேன். வங்கியில் எம்ஓடி என்பதே அசல் காகிதத்தை ஒப்படைப்பது. அசல் என்று ஒரு காகிதமே இல்லாமல் போனால் விவசாயி எதை ஒப்படைத்துக் கடன் வாங்குவான்? இதற்குப் பதில் வரைவில் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது இன்னொரு வாய்ப்பு வருகிறது. 2025 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பதிவுக்கும் உரிமைக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, சட்ட ஆணையம் இதை ஆராய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஒருமுறை ஏற்றியதைப் பிறகு மாற்ற முடியாத கணினிப் பதிவேடான பிளாக்செயினையும் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான். யூடிஆர் தவறைத் திருத்தாமல் பிளாக்செயினில் ஏற்றினால் அது அழிக்கவே முடியாத யூடிஆர் தவறு, வேறென்ன? முதலில் ஊரில் உட்கார்ந்து, பத்திரக்காரர், பட்டாக்காரர், பக்கத்து நிலத்துக்காரர் மூன்று பேரையும் எதிரெதிரே வைத்துக் கணக்கைச் சரிபாருங்கள். சட்ட ஆணையம் கருத்துக் கேட்கும்போது, பசலி முடிகிற நேரத்தில், ஜமாபந்திப் பந்தலில் கேட்கட்டும்.

அங்கே நான் போனால் ஒன்றுதான் கேட்பேன். 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், அரசு உரிமையைப் பதிவு செய்து உறுதி சொன்னது, அந்தப் பதிவால் ஒருவர் நிலத்தை இழந்தால் நஷ்ட ஈடு கொடுக்கத் தனி நிதியும் வைத்தது. நம்மிடம் முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் வாங்குகிறார்கள். ஐம்பது லட்ச ரூபாய் சொத்துக்கு நாலரை லட்சம். இதில் எத்தனை ரூபாய், நாளைக்கு அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் வாங்கியவனுக்குத் திரும்பக் கொடுப்பதற்காக எடுத்து வைக்கப்படுகிறது?